விடுமுறையில் வாத்தியம் ஏன் ஓய்கிறது?

தவணை முடிந்து பாடசாலை மூடியதும், பதுளையிலும் சுற்றியுள்ள பசறை, ஹாலி-எல, நமுனுகுல தோட்டங்களிலும் வயலினோ மிருதங்கமோ பழகும் பிள்ளைகள் பலர் வாத்தியத்தை மூலையில் வைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஆர்வம் போதாது என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்றே கருதுகிறேன். தவணைக் காலத்தில் அந்தப் பிள்ளையை வாசிக்க வைத்தவை எவை? நேரசூசியில் ஒரு பாடவேளை, பிழையைப் பிடிக்கும் ஆசிரியர், பக்கத்தில் இருந்து வாசிக்கும் தோழி, எதிரே நிற்கும் தமிழ் மொழித் தினப் போட்டி அல்லது பரீட்சை. ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் இவை எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. பிள்ளை அதே பிள்ளைதான். தாங்கி நின்ற ஏற்பாடு கலைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான காட்சியை அதே தோட்டங்கள் மாசி மாதத்தில் காட்டுகின்றன. காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதிலிருந்து தகனம் வரையில், பகலெல்லாம் மலையில் வேலை செய்தவர்கள் இரவில் தப்பு மேளத்தோடு கூடுகிறார்கள். பெரியவர்களின் கையைப் பார்த்தே சிறுவர்கள் அடிகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். பழகு என்று அதட்ட அங்கே ஆள் தேவைப்படுவதில்லை. ரதியும் காமனாகிய மதனும் ஆடவேண்டிய இரவு குறித்தாகிவிட்டது, சேர்ந்து அடிக்க ஆட்கள் உண்டு, பார்க்கத் தோட்டமே வரும். ஒரு காலத்தில் தொழிலாளரை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அழைக்க அடிக்கப்பட்ட, சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்ட இந்த வாத்தியத்திடமிருந்து இசைக்கல்வி பாடம் கேட்பது அரிது. பெரிய இழப்பு அது. பிள்ளையைத் தொடர்ந்து பழகவைக்கும் வித்தை இங்கே கைவசம் இருக்கிறது.

ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. அவுஸ்திரேலியாவில் கிளாரினெட் பயின்ற ஒரு சிறுமியின் வீட்டுப் பயிற்சியை ஜேம்ஸ் ரென்விக், கேரி மக்ஃபர்சன் இருவரும் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். ஆசிரியர் கொடுத்த பாடங்களில் ஒரு சுரத்துக்கு ஒரு விநாடிகூட அவள் செலவிடவில்லை. தானே விரும்பிக் கேட்ட பாடலில் சுமார் 10 விநாடி செலவிட்டாள். பிழைத்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனாள். ஒரே ஒரு சிறுமியைக் கொண்டு பொதுவிதி எழுத முடியாதுதான். ஆனாலும் ஆர்வமில்லாத பிள்ளையும் ஆர்வமுள்ள பிள்ளையும் ஒருத்தியாகவே இருக்கக்கூடும் என்பதற்கு அந்த ஒருத்தி போதும். இன்னொரு ஆய்வு இசையைப் பற்றியதே அல்ல, ஆனால் விரல்களைப் பற்றியது. பிரித்தானிய அஞ்சல் ஊழியர்கள் தட்டச்சுப் பழகியதை அலன் பாட்லியும் லாங்மனும் 1978இல் ஒப்பிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் தேர்ந்தார்கள். ஆனால் தங்கள் அட்டவணையில் மிகக் குறைவாகத் திருப்திப்பட்டவர்களும் இந்த ஒரு மணி நேரக் குழுவினரே. நாட்கணக்கில் தாங்கள் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது. விடுமுறைப் பயிற்சியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நாளுக்கு இருபது நிமிடம் பழகும் பிள்ளை முன்னேறுகிறது, அந்த முன்னேற்றம் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் நாள் வாசித்ததைக் கைபேசியில் பதிந்துவைத்து, பத்தாம் நாள் போட்டுக் கேட்கச் செய்தால் தெரியும்.

விடுமுறை ஓய்வுக்குத்தானே என்று கேட்பார்கள். ஓய்வு வேண்டும். பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி அண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறந்தவர்கள் அதிகம் பழகியதோடு அதிகம் தூங்கவும் செய்தார்கள். சிறிய பயிற்சிக்கும் நீண்ட ஓய்வுக்கும் பகை இல்லை. பரிசு கொடுத்தால் பிள்ளை வாசிக்காதா என்பது அடுத்த கேள்வி. வாக்களித்த பரிசுக்காகப் படம் வரைந்த மழலைகள் பின்னர் தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டதை 1973இல் லெப்பர் குழுவினர் கண்டார்கள். ஏற்கெனவே பிடித்த வேலைக்கு விலை வைப்பதில் ஆபத்து உண்டு. பழக்கமாகிவிட்டால் தானே நடக்கும் என்ற நம்பிக்கையும் ஓரளவுக்கே சரி. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடச் செயல் ஒன்று பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. எந்தத் தவணை விடுமுறையும் அவ்வளவு நீளமில்லை. ஆகவே தவணையிலும் விடுமுறையிலும் மாறாத ஒன்றோடு பயிற்சியை இணைக்க வேண்டும்: அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீடு திரும்பும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான்.

கடினமான ஆட்சேபம் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வருகிறது. ஒற்றை அறை, மெல்லிய சுவர், பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை. பிள்ளை எங்கே வாசிக்கும்? டிசெம்பரில் வடகீழ்ப் பருவமழை வேறு. ஈரத்தில் தோல் தளர்ந்து மிருதங்கத்தின் சுருதி இறங்கும், கையில்தான் குறை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். தீக்கு முன் தப்பைக் காய்ச்சுகிறவர்களிடம் கேட்டால் காரணம் சொல்வார்கள். இடத்துக்கும் ஈரத்துக்கும் வீடு தனியே பொறுப்பேற்க முடியாது. கோயில் மண்டபமோ முன்பள்ளிக் கட்டடமோ மாலையில் ஒரு மணி நேரம் திறந்திருந்தால் இடமும் கிடைக்கும், கூட வாசிக்கப் பிள்ளைகளும் கிடைப்பார்கள். டிசெம்பர் விடுமுறைக்கு முன், தவணையின் கடைசி வாரத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களே ஒரு பாடலைத் தேர்ந்தெடுக்க விட்டு, தைப்பொங்கலன்று தோட்டத்துக் கோயிலில் அதை வாசிக்க நேரம் கேட்டு வைப்பது.