மீட்க வரும் ஹெலிகொப்டரை மீட்பது யார்?

2025 நவம்பர் 30ஆம் திகதி, டித்வா சூறாவளியின் வெள்ளம் எமது புத்தளம் மாவட்டத்தைச் சூழ்ந்திருந்தது. நிவாரணப் பணிக்கென வந்த விமானப்படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் ஒன்று, வென்னப்புவைக்கு அண்மையில் லுணுவிலவில் கிங் ஓயாவில் வீழ்ந்தது. விமானி விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய உயிரிழந்தார். உடனிருந்தோர் காப்பாற்றப்பட்டனர். அதே ஆண்டு மே 9ஆம் திகதி இதே ரக ஹெலிகொப்டர் ஒன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வீழ்ந்ததில் படையினர் அறுவர் மாண்டனர்.

இவ்விபத்துகளுக்கு இயந்திரத்தின் வயதே காரணம் என நாம் கூறவரவில்லை. முறையாகப் பராமரிக்கப்பட்டால் பழைய ஹெலிகொப்டரும் பாதுகாப்பாகப் பறக்கும். ஆனால் அந்த 'முறையான பராமரிப்பு' என்பது என்ன, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதை, அதன் உதவியை எதிர்பார்த்துக் கரையில் வாழும் நாமும் அறிந்திருத்தல் நல்லது.

பெல் 212 முதன்முதலில் பறந்தது 1968இல். எமது விமானப்படை 1980களிலிருந்து இதனைப் பயன்படுத்துகிறது. விமானியுடன் 15 பேரை ஏற்றக்கூடியது. இரட்டை இயந்திரம் கொண்டது. இதன் உற்பத்தி 1990களின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் வெள்ளம், மண்சரிவு என்றால் இன்றும் நாம் அண்ணாந்து பார்ப்பது இத்தகைய ஹெலிகொப்டர்களையே.

உப்புக் காற்றும் உலோகமும்

கற்பிட்டியிலோ சிலாபத்திலோ எந்தக் கடற்றொழிலாளரைக் கேட்டாலும் சொல்வார்: கடலுக்குப் போய்வந்த படகு இயந்திரத்தை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் அது நெடுங்காலம் உழைக்காது. ஹெலிகொப்டருக்கும் அதே விதிதான். கடலுக்கு மேல் தாழப் பறந்து திரும்பினால் உடலை மட்டுமன்றி, இயந்திரத்தின் உட்பகுதியையும் நன்னீரால் கழுவ வேண்டும். இலேசான உலோகங்களால் ஆன பாகங்களை உப்பு அரிக்கும். வயது ஏற ஏற, வண்ணப்பூச்சுக்குக் கீழே மறைந்திருக்கும் அரிப்பையும் மயிரிழை வெடிப்பையும் தேடிப் பார்க்கும் வேலை கூடுகிறது. மின்கம்பிகளின் உறையும் காலப்போக்கில் இறுகி வெடிக்கும்.

படகு இயந்திரம் நின்றால் நங்கூரம் போட்டுக் காத்திருக்கலாம். ஆகாயத்தில் நங்கூரம் போட இடமில்லை. ஆகவே ஹெலிகொப்டரில் ஒரு பாகம் உடையும்வரை பார்த்திருப்பதில்லை. சுழலி, பற்சக்கரப் பெட்டி, இயந்திரம் ஆகியவற்றின் முக்கிய பாகங்களுக்கு இத்தனை மணித்தியாலம் என ஆயுள் குறிக்கப்பட்டுள்ளது. அந்த மணித்தியாலம் முடிந்ததும், பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். சில பாகங்களுக்கு நாட்கணக்கிலும் ஆயுள் உண்டு. பறக்காமல் கொட்டகையில் நின்றாலும் அவற்றின் காலம் முடிந்துபோகும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயில் உலோகத் துகள் மிதக்கிறதா என்று காட்ட ஒரு காந்தம் வைக்கப்பட்டிருக்கும். அதில் ஒட்டும் சிறு துகள்கூட, பறப்பை நிறுத்திச் சோதிக்கப் போதிய காரணமாகலாம்.

டொலரில் வரும் பட்டியல்

பெல் 212 ஒரு மணித்தியாலம் பறக்க ஏறக்குறைய 400 லீற்றர் எரிபொருள் வேண்டும். எரிபொருள் கண்ணுக்குத் தெரியும் செலவு. உதிரிப்பாகமும் பெரும் பழுதுபார்ப்பும் தெரியாத செலவு. உதிரிப்பாகங்களை டொலர் கொடுத்தே வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. அதாவது 10,000 டொலர் பெறுமதியான ஒரு பாகம், விலை ஒரு சதமும் கூடாமலே, 20 இலட்சம் ரூபாவிலிருந்து 36 இலட்சம் ரூபாவாயிற்று.

இது ஏழை நாட்டின் பிரச்சினை மட்டுமன்று. அமெரிக்கக் கரையோரக் காவற்படையே 1980களில் சேவைக்கு வந்த தனது 'டொல்பின்' ஹெலிகொப்டர்களுக்கு உதிரிப்பாகம் அருகிவருவதால், அவற்றைப் படிப்படியாக ஓய்வுபெறச் செய்கிறது.

2025 டிசம்பரில், அமெரிக்கக் கடற்படை பயிற்சிக்குப் பயன்படுத்திய 10 ஹெலிகொப்டர்கள் எமது நாட்டுக்கு வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இவை பெல் 206 குடும்பத்தைச் சேர்ந்த, ஒற்றை இயந்திரம் கொண்ட சிறிய ஹெலிகொப்டர்கள். தானமாக வருவதை நன்றியுடன் ஏற்கலாம். ஆனால் இலவசமாகக் கிடைத்த மாட்டுக்கும் தீனி போடத்தான் வேண்டும். உதிரிப்பாகம், எரிபொருள், பயிற்சிபெற்ற தொழில்நுட்பவியலாளர் ஆகிய மூன்றுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காவிட்டால், பத்தில் எத்தனை மழைநாளில் எழும்பிப் பறக்கும்?

நாம் செய்யக்கூடியது

குளக்கட்டு உடைந்தபின் மண் சுமப்பதைவிட, கோடையில் கட்டைத் திருத்துவது மலிவு என்பது எமது விவசாயிகளுக்குத் தெரியும். மீட்புப் பணியும் அப்படியே. சூறாவளி வந்தபின் 'ஹெலிகொப்டர் எங்கே?' என்று கேட்கும் நாம், வரவுசெலவுத் திட்டக் காலத்தில் 'பறக்கக்கூடிய நிலையில் எத்தனை உள்ளன? பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?' என்று எமது பிரதிநிதிகளைக் கேட்க வேண்டும்.

ஊரிலும் வேலை உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் வெள்ளம் ஏறாத ஒரு திறந்த வெளியை முன்கூட்டியே தெரிவு செய்து, கிராம உத்தியோகத்தரிடம் அறிவித்து வைக்கலாம். மின்கம்பியும் தென்னையும் அருகில் இருத்தலாகாது. ஹெலிகொப்டர் இறங்கும்போது கிளம்பும் காற்று தகரத்தையும் கிடுகையும் தூக்கி வீசும். அவற்றை அகற்ற வேண்டும். வேடிக்கை பார்ப்போரும் படம் பிடிப்போரும் தூர நிற்க வேண்டும். இறங்க இடமின்றி அது கால் மணித்தியாலம் வட்டமிட்டால் 100 லீற்றர் எரிபொருள் வீண். அடுத்த கூரையில் காத்திருப்பவருக்கு அந்தக் கால் மணித்தியாலமே உயிராகலாம்.

கடலுக்குப் போகும் எவரும் உயிர்காப்பு அங்கியின்றிப் போகாதிருப்பதும், வானிலை எச்சரிக்கையை மதித்துக் கரையில் நிற்பதும் இதில் அடங்கும். தேடிச் செல்ல வேண்டிய தேவை குறையும்போது, அந்தப் பழைய ஹெலிகொப்டரின் எஞ்சிய மணித்தியாலங்கள் உண்மையாகவே அவசியமானவருக்குக் கிடைக்கும்.

கிங் ஓயாவில் ஒருவர் எமது மாவட்டத்து மக்களுக்காகத் தமது உயிரைக் கொடுத்தார். அடுத்த மழைக்கு முன் இக்கேள்விகளைக் கேட்டு, எமது பங்கைச் செய்து முடிப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.