பலகை மட்டும் போதாது

லிங்கநகரில் ஐம்பதைத் தாண்டிய அம்மாமார் உள்ள வீடென்றால், பிரஷர் குளிசைக்குப் பக்கத்தில் ஒரு கால்சியம் குளிசை அட்டையும் அநேகமாக இருக்கும். "எலும்பு தேயுதாம், கால்சியம் குறைவாம்" என்பார்கள். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள். அந்த எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று நாம் ஆறுதலாகப் பார்ப்போம்.

எலும்பு ஒருமுறை வளர்ந்து முடிந்தால் சாகும்வரை அப்படியே கிடக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது ஓயாமல் உடைந்து ஓயாமல் கட்டப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் புதிதாகிறது. ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. இன்னொரு வகை, அந்தக் குழியில் புது எலும்பைக் கட்டுகிறது.

பைபர் வள்ளங்கள் வருமுன், கரையில் மரவள்ளம் பழுதுபார்த்ததைக் கண்டவர்களுக்கு இது இலகுவில் பிடிபடும். ஒருவர் உக்கிய பலகையைக் கழற்றுவார். பின்னால் ஓடாவி வந்து புதுப்பலகை பொருத்துவார். கழற்றுவது கெதியில் முடியும், பொருத்த நாளெடுக்கும். எலும்பிலும் ஒரு சிறு குழியைக் கரைக்க மூன்று கிழமை போதும். நிரப்ப மூன்று நான்கு மாதமாகும். ஆகவே கழற்றுகிறவரிடம் "உது காணும், நிற்பாட்டு" என்று சொல்ல ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன்.

அது பெண்களின் ஹோர்மோன்தானே என்பீர்கள். ஆண்களின் எலும்பையும் காப்பது பெரும்பாலும் அதுதான். 1994இல் ஒரு மருத்துவ இதழில் 28 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். ஈஸ்ட்ரஜன் சொல்வதைக் கேட்கும் திறன் அவர் உடலில் பிறப்பிலேயே இல்லை. ஆள் 204 சென்ரிமீற்றர் உயரம், அந்த வயதிலும் வளர்ச்சி நிற்கவில்லை. ஆனால் எலும்போ மெலிந்து போயிருந்தது. ஆண்களுக்கு இந்த ஹோர்மோன் வயதோடு மெல்ல மெல்லக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தில் சட்டென்று விழுந்துவிடுகிறது. அதற்குப் பின்வரும் ஐந்தாறு வருடங்களில் எலும்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடக்கூடும். வலி எதுவும் இருக்காது. முழங்கால் உளைவது வேறு வருத்தம். எலும்பு மெலிந்தது பலருக்கு, வழுக்கிக் கையூன்றி விழுந்து மணிக்கட்டு முறிகிற அன்றுதான் தெரியவரும்.

இனிக் கால்சியத்துக்கு வருவோம். அது பலகை. பலகை இல்லாமல் ஓடாவியால் ஒன்றும் செய்ய முடியாது; நெத்தலியை முள்ளோடு தின்பதும், குரக்கன் புட்டும், எள்ளும் அதற்காகத்தான். ஆனால் மேற்பார்வையாளர் போய்விட்ட கரையில் எவ்வளவு பலகையைக் கொண்டுவந்து குவித்தாலும், கழற்றுகிறவரின் கை நிற்கப் போவதில்லை. கால்சியம் குளிசை மட்டும் எடுத்த பெண்களில் எலும்பு முறிவு பெரிதாகக் குறையவில்லை என்றுதான் பெரிய ஆய்வுகளும் காட்டின. குளிசையை எறியச் சொல்லவில்லை. அதை விழுங்கியதோடு எலும்பு பத்திரம் என்று நிம்மதியாக இருந்துவிடுவதுதான் எனக்குப் பயம்.

அப்படியானால் மேற்பார்வையாளரைத் திரும்பக் கூட்டிவந்தால் என்ன? 1940களின் தொடக்கத்தில் பாஸ்டன் மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் இதைத்தான் யோசித்தார். முதுகெலும்பு நொறுங்கி வந்த தன் நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதைக் கண்டு, ஈஸ்ட்ரஜனைக் கொடுத்துப் பார்த்தார். ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சை எலும்புக்காகப் பயன்படத் தொடங்கியது அப்படித்தான். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு, அதன் உட்சுவர் தடித்துப் புற்றாகாமலிருக்கப் புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டாவது ஹோர்மோனையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

2002இல் இந்தச் சிகிச்சையைப் பற்றிய ஒரு பெரிய அமெரிக்க ஆய்வை இடைநடுவில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள், சராசரி வயது 63. இரு ஹோர்மோனும் எடுத்தவர்களில் மார்புப் புற்றுநோய் 26 வீதம் கூடியது என்ற செய்தி உலகத்தையே உலுக்கியது. அந்த 26 வீதத்தை ஆட்கணக்கில் பார்த்தால், 10,000 பெண்கள் ஒரு வருடம் எடுத்தால் மேலதிகமாக 8 பேருக்குப் புற்றுநோய். பக்கவாதமும் மேலதிகமாக 8 பேருக்கு. அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர்கள் எலும்பு மெலிந்தவர்கள் என்று தேடிப் பிடிக்கப்பட்டவர்களும் அல்லர். பயமும் உண்மை, பயனும் உண்மை. யாருக்கு, எந்த வயதில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அறுபதுக்கு உட்பட்டு, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாமல், உடல் காந்தலாலும் வியர்வையாலும் அவதிப்படுகிற பெண்ணுக்கு ஹோர்மோன் சிகிச்சை பெரும்பாலும் நன்மையே தரும். எலும்பும் சேர்ந்து காப்பாற்றப்படும். நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவருக்கும், இளவயதில் சூலகங்களை எடுத்துவிட்டவருக்கும் இது இன்னும் முக்கியம். இவர்களைப் பலவேளை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்குக் கவலை. மார்புப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ பக்கவாதமோ வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள். மருந்தை நிறுத்தினால் தேய்வு திரும்பத் தொடங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

எழுபது வயது அம்மம்மாவுக்கு, எலும்புக்காக மட்டும் இப்போது புதிதாக ஹோர்மோன் தொடங்கமாட்டார்கள். கழற்றுகிறவரை நேரடியாக அடக்கும் அலென்ட்ரோனேட் போன்ற குளிசைகள் உண்டு. கிழமைக்கு ஒன்று, காலையில் வெறுவயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணியோடு. பிறகு அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

இதெல்லாம் தேவைதானா என்று அறிய எலும்பு அடர்த்தி ஸ்கேன் கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பத்து வருடத்துக்குள் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் 'பிராக்ஸ்' கணக்கு இலங்கையருக்கெனத் தனியாக உண்டு, ஸ்கேன் இல்லாமலும் போடலாம். ருஹுணுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் லேகம்வசம் இதில் நீண்டகாலம் உழைத்தவர். வயது, நிறை, உயரம், முன்பு எலும்பு முறிந்ததா, தாய்க்கோ தகப்பனுக்கோ இடுப்பு முறிந்ததா, ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ ஸ்டீரொயிட் எடுத்தீர்களா: அடுத்த கிளினிக்குக்கு இவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.