மாதச் சம்பளம் – 9: எண்டிகாட்டிலிருந்து எலவனாசூர்கோட்டைக்கு

சென்ற வாரம் டெட்ராய்ட்டில் நிறுத்தியிருந்தோம். 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகமும் வாகனத் தொழிலாளர் சங்கமும் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் அது. விலைவாசி ஏறினால் சம்பளமும் ஏறும், ஓய்வூதியம் உண்டு, மருத்துவச் செலவில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. பதிலுக்கு, ஒப்பந்தக் காலம் முடியும்வரை சங்கம் வேலைநிறுத்தத்துக்குப் போகாது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் எப்படி உருவானது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். இந்த வாரம் காரை விட்டுவிட்டுக் காலணிக்கு வருவோம். காலணிக் கதை எங்கோ தூர தேசத்தில் முடிந்துபோனதல்ல. சேலம் ரோட்டில் எலவனாசூர்கோட்டையில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்துக்கு அது வந்துவிட்டது.

2023 ஏப்ரலில் தைவான் நாட்டின் பௌ சென் குழுமம் தமிழ்நாடு அரசோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் முதலீடு, 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை. பௌ சென் என்ற பெயரை எந்தக் கடைப் பலகையிலும் பார்க்க முடியாது. நைக்கி, அடிடாஸ் என்று நாம் பெயர் சொல்லி வாங்கும் ஷூக்களைத் தைத்துக் கொடுப்பதுதான் அதன் தொழில். உலகத்திலேயே பெரிய அளவில் அதைச் செய்கிற குழுமம் அது. 2019 நவம்பர் 26-ஆம் தேதிதான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கரும்பும் மக்காச்சோளமும் அரிசி ஆலைகளும் தவிரச் சொல்லிக்கொள்ளப் பெரிய தொழில் இல்லாத புது மாவட்டத்துக்கு 20,000 என்பது சின்ன எண்ணல்ல.

அதே 20,000-ஐ நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் எண்டிகாட், ஜான்சன் சிட்டி, பிங்காம்டன் என்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நூறு வருடத்துக்கு முன்பு, 1920-களில், அங்கே எண்டிகாட் ஜான்சன் காலணிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு ஆங்கிலத்தில் வேறொன்றும் தெரியாவிட்டாலும் அந்தக் கம்பெனிக்கு வழி கேட்க மட்டும் தெரியும் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

கம்பெனியை நடத்திய ஜார்ஜ் எஃப். ஜான்சன், பதின்ம வயதிலேயே காலணி ஆலைக்கு வேலைக்குப் போனவர். 1916-இல் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். தொழிலாளர்களுக்கு வீடு கட்டி, லாபம் வைக்காமல் தவணையில் விற்றார். கம்பெனி மருத்துவர்கள், கம்பெனி மருத்துவமனை, பூங்கா, நீச்சல் குளம் எல்லாம் இருந்தன. குழந்தைகளுக்குக் குடை ராட்டினங்கள் வாங்கி ஊர்களுக்குக் கொடுத்து, சவாரிக்குக் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். அந்த ராட்டினங்கள் இன்னும் சுற்றுகின்றன. 1920-இல் தொழிலாளர்களே பணம் சேர்த்து, நியாயமான பேரத்தின் வீடு இது என்று எழுதிய இரண்டு தோரண வளைவுகளை ஊர் எல்லையில் கட்டினார்கள். முதலாளிக்குத் தொழிலாளி தோரணம் கட்டிய கதை உலகத்தில் அதிகம் கிடையாது.

ஆனால் டெட்ராய்ட்டில் இருந்த ஒன்று அங்கே இல்லை. 1940-இல் சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, எண்டிகாட் ஜான்சன் தொழிலாளர்கள் வேண்டாம் என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். முதலாளியே எல்லாம் செய்யும்போது சங்கம் எதற்கு? அந்தக் கேள்விக்கான பதில் 1948-இல் ஜான்சன் இறந்த பிறகுதான் தெரியத் தொடங்கியது. மனசு உள்ள முதலாளி கொடுத்ததை அவருக்கு அடுத்து வந்தவர்களிடம் உரிமையாகக் கேட்க, கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் தொழிலாளர் கையில் இல்லை. அடுத்த இருபது, இருபத்தைந்து வருடங்களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின.

டெட்ராய்ட்டும்தானே சரிந்தது, சங்கம் இருந்து என்ன கிழித்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டெட்ராய்ட் சரிய எடுத்துக்கொண்ட காலமும், வேலை போனபோது தொழிலாளி கையில் மிஞ்சியிருந்த ஓய்வூதியமும்தான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசமல்ல.

அமெரிக்கக் காலணித் தொழிலை அழித்தது இயந்திரமோ காலமோ அல்ல என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கம் எந்தெந்தத் தேதியில் என்ன முடிவெடுத்தது என்று சொல்ல முடியும். பில் நைட் என்ற இளைஞர் 1964-இல் ஜப்பானின் ஒனிட்சுகா நிறுவனத்திடமிருந்து ஷூ இறக்கி விற்கத் தொடங்கினார். அந்த வியாபாரம்தான் பிறகு நைக்கி ஆனது. 1970-களில் இறக்குமதி பெருகியதும், ஜிம்மி கார்ட்டர் அரசு 1977-இல் தைவானோடும் தென்கொரியாவோடும் பேசி ஏற்றுமதிக்கு நான்கு வருடம் கட்டுப்பாடு போட வைத்தது. 1981-இல் ரீகன் அதை நீட்டிக்காமல் விட்டார். 1985-இல் அமெரிக்க வர்த்தக ஆணையமே காலணி இறக்குமதிக்கு அளவு நிர்ணயிக்கப் பரிந்துரைத்தபோது, வாங்குபவர்களுக்குச் சுமை என்று அதையும் தள்ளுபடி செய்தார். ஷூ வாங்குபவர் வேறு, ஷூ தைப்பவர் வேறு என்று பார்த்தால் அந்த வாதம் சரிதான். எண்டிகாட் மாதிரி ஊர்களில் இருவரும் ஒரே ஆள்.

இதைச் சொன்னதும், அப்படியானால் இறக்குமதி வரியைக் கூட்டினால் போதுமே என்று ஒருவர் எழுந்து நிற்பார். காலணி அவருக்கும் இடம் கொடுக்காது. 1930-இல் போட்ட வரிச் சட்டத்தின் மிச்சமாக, சில வகை மலிவு ரப்பர்-துணிக் காலணிகளுக்கு அமெரிக்காவில் 48 சதவீதம்வரை வரி இத்தனை காலமும் இருந்துகொண்டேதான் இருந்தது. வரி நின்றது, வேலை போய்விட்டது. இன்று அமெரிக்கர்கள் போடும் காலணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வெளிநாட்டில் செய்தது. வரியைக் கட்டுவது, குழந்தைக்கு மலிவு ஷூ வாங்கும் அங்கத்திய ஏழைத் தாய்.

1979-இல் அமெரிக்க உற்பத்தித் துறையில் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர் இருந்தார்கள். 2001 இறுதியில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2010 தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 1 கோடியே 15 லட்சமாக இறங்கியிருந்தது. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க 1962-இலேயே கென்னடி காலத்தில் ஒரு திட்டம் வந்தது. தேவைக்கு அது என்றைக்குமே போதவில்லை. 2022 ஜூலையில் அதையும் நீட்டிக்காமல் விட்டார்கள். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 1971-இல் அமெரிக்கர்களில் 61 சதவீதம் பேர் நடுத்தர வருமானக் குடும்பங்களில் இருந்தார்கள். 2023-இல் 51 சதவீதம். குறைந்தவர்களில் பெரும் பங்கு மேலே ஏறியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் பொய் வந்துவிடும். ஆனால் நாட்டின் மொத்தக் குடும்ப வருமானத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பங்கு 1970-இல் 62 சதவீதம், 2022-இல் 43 சதவீதம். எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது கணக்குத்தான்.

வேலை எண்டிகாட்டிலிருந்து நேராக உளுந்தூர்பேட்டைக்கு வரவில்லை. ஜப்பானில் கூலி ஏறியதும் கொரியாவின் பூசானுக்கும் தைவானுக்கும் போனது. பௌ சென் 1969-இல் தைவானின் சாங்ஹுவா பகுதியில் தொடங்கியது இப்படித்தான். தைவானில் கூலி ஏறியதும் சீனாவின் டோங்குவான். அங்கே 2014 ஏப்ரலில் பௌ சென் குழுமத்தின் யுவே யுவென் ஆலைகளில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நம் ஊர் பாஷையில் சொன்னால், பி.எஃப். பணத்தைக் கம்பெனி குறைத்துக் கட்டியதுதான் தகராறு. அடுத்த வருடம் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் அதே குழுமத்தின் ஆலையிலும் பெரிய வேலைநிறுத்தம். அங்கே காரணம், சேர்த்து வைத்த சமூகக் காப்பீட்டுப் பணத்தை ஒரே தடவையில் எடுக்க விடாத புதுச் சட்டம். அரசாங்கம் இறங்கி வந்தது. 2023-இல் அந்த ஆலை ஆர்டர் இல்லை என்று ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. உளுந்தூர்பேட்டைக்குக் கையெழுத்தான வருடமும் அதுதான்.

எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் படம் மாறும். நிலமில்லாத வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு இதுவரை இருந்த வழிகள் என்ன? கரும்பு வெட்டு, களை எடுப்பு, திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னையிலோ பெங்களூரிலோ ஜவுளிக்கடை ஹாஸ்டல், இல்லாவிட்டால் கல்யாணம். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதுவும் செய்த வேலையை அளந்து பார்த்துக் குறைத்துத்தான் கைக்கு வரும், வரவேண்டிய நாளிலும் வராது. கம்பெனி வேலை என்றால் வாசலுக்கே பஸ், ஏழாம் தேதிக்குள் வங்கியில் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. செய்யாறு சிப்காட்டில் இன்னொரு தைவான் குழுமம் வந்த பிறகு சுற்றுக் கிராமங்களில் இதைப் பார்த்துவிட்டோம். மாதச் சம்பளக்காரி இருக்கும் வீட்டுக்கு மளிகைக் கடைக்காரர் யோசிக்காமல் கணக்கு வைப்பார். சீட்டு எடுக்கலாம், குழுக் கடன் தவணைக்குத் திண்டாட வேண்டாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சுரண்டல் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் மாதச் சம்பளம் வந்தால் நடுத்தர வர்க்கம் வந்துவிடுமா? எண்டிகாட்டில் ஒருவர் சம்பளத்தில் வீடு வாங்க முடிந்தது. இங்கே ஷூ தைக்கும் பெண்ணின் சம்பளம் வீட்டுக்குப் போதாமல் போனால், மீதியை நிரப்புவது அரசாங்கம். ரேஷன் அரிசி, கட்டணமில்லாப் பஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் காலை உணவும் மதிய உணவும், அம்மாவுக்கு உரிமைத் தொகை 1,000 ரூபாய். இவை எல்லாம் வேண்டும், ஒன்றையும் குறைக்கக் கூடாது. ஆனால் கணக்கைச் சரியாக எழுதினால், அமெரிக்கக் கடையில் விற்கும் ஷூவின் விலை ஏறாமல் இருக்கத் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையும் தன் பங்கைக் கொடுக்கிறது. சிப்காட் நிலம், மானியம், வரிச் சலுகை இதற்கு மேலே.

இன்னொரு தற்செயலையும் குறித்து வைக்க வேண்டும். பௌ சென் ஒப்பந்தம் வந்த அதே 2023 ஏப்ரலில்தான், 21-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைப் 12 மணிவரை நீட்ட வழி செய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஜான்சன் 1916-இல் விட்டுக்கொடுத்ததை 2023-இல் திரும்பக் கேட்டார்கள். கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் கொதித்ததால் மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்தபோது, சண்டையின் மையம் தங்கள் சங்கத்தை அங்கீகரி என்ற கோரிக்கை. 2025 நவம்பர் 21-இல் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன்படி 51 சதவீதம் தொழிலாளர்களின் ஆதரவைக் காட்டும் சங்கத்துக்குத்தான் பேச்சுவார்த்தை மேசையில் தனி நாற்காலி. நாற்பது கிராமங்களிலிருந்து நாற்பது பஸ்ஸில் வந்து இறங்கி, ஷிப்ட் முடிந்ததும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விடும் பெண்கள் எங்கே கூடி அந்த 51-ஐச் சேர்ப்பார்கள்?

2025 ஆகஸ்ட் 27-இல் டிரம்ப் அரசு இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது ஆம்பூரிலும் திருப்பூரிலும் ஆர்டர் நின்றது. பறிபோன வேலையை மீட்கிறோம் என்பதுதான் அங்கே சொன்ன நியாயம். எண்டிகாட் ஆலைகளில் பல இடிந்து புல் முளைத்துக் கிடக்கின்றன. அங்கே ஷூ தைக்கத் தெரிந்த கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது வயதிருக்கும். வரியால் அங்கே ஆலை திறக்காது, ஆர்டர் வேறொரு நாட்டுக்கு நகரும், அவ்வளவுதான். அப்படி நகரும்போது உளுந்தூர்பேட்டைக்கு லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்யும் மேசை வாஷிங்டனிலும் தைவானிலும் இருக்கிறது.

பூசானில் ஷூ தைத்தவர்களின் பிள்ளைகள் பிறகு ஷூ தைக்கவில்லை. ஆலை அங்கிருந்து கிளம்புவதற்குள் கொரியா அவர்களைப் படிக்க வைத்திருந்தது, கப்பலும் காரும் கட்டும் வேலைகளைக் கொண்டுவந்திருந்தது. அந்த வேலைகளில் 1987-க்குப் பிறகு சங்கங்கள் போராடிச் சம்பளத்தை ஏற்றின. காலணி ஆலை ஓர் ஊரில் நிரந்தரமாகத் தங்காது என்பதை வைத்துக்கொண்டு யோசித்தால், கள்ளக்குறிச்சிக்குக் கிடைத்திருப்பது இருபதோ இருபத்தைந்தோ வருட அவகாசம். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பதினாறு கிலோமீட்டர் ரயில் பாதை போட அறிவிப்பு வந்தே அதற்குச் சமமான காலம் ஆகப்போகிறது.

ஷூவுக்கு முன்பே இந்த மாவட்டத்தில் மாதச் சம்பளமும் போனஸும் கொடுத்த ஆலைகள் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைத்தான் சொல்கிறேன். கரும்பு விவசாயியை நடுத்தர வர்க்கமாக்கப் பார்த்த அந்த முயற்சி எங்கே நிற்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)