காரணம் இழந்த காரணப்பெயர்கள்
பழைய கணனிச் செய்நிரல்களிற் பெயரிடல் பற்றிய ஒரு நோக்கு

பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்தி நோக்குவது நம் இலக்கண மரபு. மரம் என்பது இடுகுறி. பறத்தலாற் பெயர் பெற்ற பறவை என்பது காரணப்பெயர். நன்னூல் வகுத்துரைக்கும் இப்பாகுபாட்டினை இன்றைய கணனிச் செய்நிரலுக்குப் பொருத்திப் பார்க்குமிடத்து வேறொரு நிலையும் புலனாகின்றது. காரணம் மறைந்த பின்னரும் பெயர் நிலைத்துவிடுவதே அது. இந்நிலையினையும் அதன் விளைவினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கரப்பத்தனைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். அங்கு 'பேர்' என்பது ஆளின் பெயரை மட்டும் குறிப்பதன்று. செக்ரோலிற் பதியப்படும் ஒருநாட் சம்பளமும் 'பேர்' எனப்படும். நிர்ணயித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு ஒரு பேர்; குறைந்தாற் பல வேளைகளில் அரைப்பேர். பொது வழக்கிலோ 'பத்துப் பேர்' என்பது ஆட்தொகையைக் குறிக்கும். பிரட்டுக்களத்தில் நிற்பவருக்கு இம்மூன்று பொருள்களிடையே மயக்கம் இல்லை. பேசும் சூழலே பொருளைத் தெளிவாக்கிவிடும்.

ஆயின் செக்ரோலைக் கணனிப்படுத்தும் ஒருவர், தரவொன்றுக்குப் 'பேர்' என்று மட்டும் பெயரிட்டார் எனக் கொள்வோம். சில ஆண்டுகளின் பின் அச்செய்நிரலைத் திருத்த வரும் மற்றொருவர் அதனை ஆட்தொகை எனக் கருதக்கூடும். ஆட்தொகை முழுவெண்ணாகவே இருக்கவேண்டும் என எண்ணி அவ்வாறே வரையறுப்பின், பின்னப்பகுதி வெட்டப்பட்டு, அரைப்பேர் பூச்சியமாகிவிடும். கணனி பிழை எதனையும் அறிவிக்காது. மழையில் நனைந்து கொழுந்து பறித்தவரின் அரைநாட் கூலி மட்டும் மறைந்துபோகும். 'தொழிலாளி பெயர்', 'சம்பள நாள்', 'பறித்த கொழுந்து கிலோகிராம்' எனப் பொருளும் அலகும் விளங்கப் பெயரிட்டிருப்பின் இம்மயக்கத்துக்கு இடமே இராது.

செய்நிரலிலுள்ள பெயர்கள் பெரும்பாலும் மனிதருக்காகவே இடப்படுவன. பொறிக்கு நினைவக முகவரியே போதும். எனவே பெயரிடல் என்பது, முன்னவர் பின்னவருடன் நடத்தும் உரையாடல் எனலாம்.

அவ்வுரையாடல் பிறழும் விதங்கள் பல. முதலாவது, பெயரைக் குறுக்குதல். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் உருப்பெறத் தொடங்கிய யுனிக்ஸ் பணிசெயல் முறைமையில், கோப்பினை ஆக்கும் கட்டளைக்கு இடப்பட்ட 'கிரியேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்து விடப்பட்டது. அரைநூற்றாண்டு கடந்தும் அக்குறை நீங்கவில்லை. இரண்டாவது, இட்டவருக்கு மட்டுமே காரணம் விளங்கும் பெயர். அக்கரப்பத்தனையிலுள்ள கிளாஸ்கோ, பெல்மோரல் ஆகிய தோட்டப் பெயர்கள் துரைமாருக்குத் தம் ஸ்கொத்லாந்தை நினைவூட்டின. அம்மண்ணைப் பண்படுத்தியவர்களுக்கு அவை வெறும் ஒலிகளே. செய்நிரலாளர் தமக்குள் வழங்கும் சுருக்கக் குறியீடுகளும் இத்தகையனவே.

மூன்றாவது வகையே மிகவும் ஆபத்தானது. 16 பிட் விண்டோஸிலிருந்து வேறுபடுத்தும் பொருட்டு, 32 பிட் நூலகக் கோப்புகளைக் கொண்ட கோப்புறைக்குச் 'சிஸ்டம்32' எனப் பெயரிடப்பட்டது. அன்று அது பொருத்தமான காரணப்பெயர். 64 பிட் விண்டோஸ் வந்தபோதோ, எண்ணற்ற செய்நிரல்கள் அப்பெயரைத் தம்முள் பதித்திருந்தமையால் அதனை மாற்ற இயலவில்லை. இதனால் இன்று 64 பிட் கோப்புகள் 'சிஸ்டம்32'இலும், 32 பிட் கோப்புகள் 'சிஸ்வொவ்64'இலும் உள்ளன. இடுகுறிப்பெயர் ஒன்றும் சொல்லாது. காரணம் இழந்த காரணப்பெயரோ பொய் சொல்லும்.

தமிழும் இதற்கு விலக்கன்று. யுனிக்கோட் நியமத்தில் நமது ஆய்த எழுத்துக்கு இடப்பட்ட முறைசார் பெயர் 'விசர்க்கம்' என்பதாகும். வடமொழி எழுத்துமுறையை அளவுகோலாகக் கொண்டதன் விளைவு இது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அந்நியமத்தின் கொள்கை. ஆதலின் 'ஆய்தம்' என்பது பக்கக் குறிப்பாகவே இடம்பெறுகின்றது.

இவற்றினின்று பெறப்படும் நெறி யாது? பெயர் தவறெனக் கண்டவுடன் அழித்துவிடுதல் எளிதன்று. அதனைச் சார்ந்து இயங்குவன யாவும் முறிந்துவிடும். சரியான பெயரை முதன்மையாக்கி, பழையதனை மாற்றுப்பெயராகச் சிலகாலம் பேணி, மாற்றத்துக்கான காரணத்தையும் எழுதிவைத்தலே தக்க வழி. ஒரு சார்பின் பணி மாறும்போது அதன் பெயரும் உடன் மாறவேண்டும். இன்று தள்ளிப்போட்டால் நாளை செலவு பெருகும்.

இவ்வுண்மை கணனிக்கு மட்டும் உரியதன்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு மலையக மக்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகைப்படுத்தியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கிய பின்னரும், 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டிற் பழைய பெயரே இடம்பெற்றது. 'மலையகத் தமிழர்' என்பது அம்மக்கள் தாமே தெரிந்த காரணப்பெயர். பதிவேடாயினும் செய்நிரலாயினும், தவறான பெயரின் சுமையைச் சுமப்பவர் அதனை இட்டவர் அல்லர். அதன்கீழ்ப் பதியப்பட்டவரே ஆவர்.