ஒத்தாசையா, உபத்திரவமா?

வாடிப்பட்டி தாலுகாவில் அலங்காநல்லூர் என்று ஓர் ஊர் இருப்பதை உலகமே அறியும். ஜல்லிக்கட்டினால் வந்த பிரசித்தி அது. ஆனால் மதுரைச் சீமையில் காளைகளுக்கு வேறொரு பரீக்ஷையும் உண்டு. அதுதான் மாட்டு வண்டிப் பந்தயம். பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து ஓட்டுவார்கள். பெரிய மாடுகளுக்குப் போய் வர 8 மைல், சின்ன மாடுகளுக்கு 6 மைல் என்று தூரம் வைப்பது சாதாரணம்.

வண்டியில் கயிற்றைப் பிடிப்பவர் சாரதி. கூடவே ஓடியும் தொற்றியும் வருகிறவர் துணைச் சாரதி. இவர்களுக்குப் பின்னால் பல இடங்களில் மோட்டார் சைக்கிள் பட்டாளம் ஒன்றும் கிளம்பிவிடுகிறது. ஹாரன் என்ன, கூச்சல் என்ன, கிளம்பும் புழுதிதான் என்ன! ஓடுகிறவை இரண்டு மாடுகள்; ஒத்தாசைக்கோ ஓர் ஊரே வருகிறது. இது நியாயந்தானா என்று நாம் கேட்க விரும்புகிறோம்.

குதிரைச் சவாரிக்காரர்களுக்கும் இதே கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் காலிபோர்னியா மலைகளில் 1955-ல் ஆரம்பித்த டெவிஸ் கோப்பைச் சவாரியில் 100 மைலை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். தங்குமிடங்களில் துணையாட்கள் குதிரைக்குத் தண்ணீர் காட்டலாம். மேலே தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்யலாம். மிருக வைத்தியர் நாடியும் நடையும் பார்த்துச் சம்மதித்தால்தான் மேலே பயணம். ஸர்வதேச சம்மேளனத்தின் விதிகளோ இன்னும் கண்டிப்பானவை. குறித்த இடத்தில்தான் உதவி செய்யலாம். குதிரையின் பின்னால் வாகனமோ ஆளோ துரத்திக்கொண்டு வரக் கூடாது. குதிரைகளின் நலனைப் பேணவில்லை, விதிகளை மீறினார்கள் என்ற காரணங்களால் 2015-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்மேளனத்தையே சில மாதங்கள் விலக்கி வைத்தார்கள்.

இதை அந்நிய தேசத்தாரிடந்தான் கற்க வேண்டுமென்பதில்லை. ஜயத்ரதனை வதைக்கப் புறப்பட்ட நாளில், அர்ஜுனனுடைய குதிரைகள் களைத்துப் போயின. சூரியாஸ்தமனத்துக்குள் சபதம் நிறைவேற வேண்டும். அப்படியிருந்தும் கிருஷ்ண பகவான் நடுப் போர்க்களத்தில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அம்புகளைப் பிடுங்கி, உடம்பைத் தேய்த்து, தண்ணீர் காட்டினார். அர்ஜுனன் தரையில் நின்று காவல் காத்தான். இதுவல்லவா சாரத்தியம்! களைப்பைப் போக்குவது ஒத்தாசை. களைப்பை மறைத்து விரட்டுவது உபத்திரவம்.

"துணைச் சாரதி இல்லாவிட்டால் கயிறு சிக்கினால் யார் எடுப்பது? மிரண்ட மாட்டை யார் மறிப்பது?" என்று கேட்பார்கள். உண்மைதான். துணைச் சாரதி வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் அவர் கையில் தார்க்குச்சி வேண்டாம். மோட்டார் சைக்கிள்கள் ஊர் எல்லையிலேயே நிற்கட்டும். வண்டி திரும்பும் இடத்தில் கால்நடை வைத்தியர் ஒருவரும், தொட்டி நிறையத் தண்ணீரும் இருக்கட்டும். இளைத்த ஜோடியை அங்கேயே அவிழ்த்துவிட அவருக்கு அதிகாரம் இருக்கட்டும்.

இதில் இரக்கம் மட்டுமல்ல, காரியமும் அடங்கியிருக்கிறது. 2014 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017-ல் தமிழ்நாடு சட்டசபை ஜல்லிக்கட்டுக்காகச் சட்டத்தைத் திருத்தியது. அதுவும், மஹாராஷ்டிரம், கர்நாடகம் ஆகியவற்றின் திருத்தங்களும் செல்லும் என்று 2023 மே 18-ல் அரசியல் சாஸன பெஞ்சு தீர்ப்பளித்தது. பிராணிகளின் துன்பத்தை அவை பெரிதும் குறைக்கின்றன என்பதே அத்தீர்ப்புக்கு ஒரு முக்கிய ஆதாரம். ஆகவே, வால் முறுக்குகிற ஒவ்வொரு கையும் அந்த ஆதாரத்தையே பெயர்க்கிறது என்பதைப் பந்தயப் பிரியர்கள் உணர வேண்டும்.

உழைத்துச் சோறு போட்ட ஜீவனைப் பொங்கலன்று குளிப்பாட்டிப் பொட்டிட்டு வணங்குகிற ஜனங்கள் நாம். அந்த மரியாதை பந்தயச் சாலையிலும் அதற்குக் கிடைக்கட்டும்.