எந்த அழுக்குக்கு எது?

2022ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம்தான் இதை எழுத வைக்கிறது. அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் இல்லை, கேஸ் இல்லை, சவர்க்காரத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. உம்மா எதையும் வீணாக்காதவர். குளியலறைத் தரைக்கு பிளீச் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தவர், கறை போகவில்லை என்று, மலசலகூடம் கழுவும் போத்தலின் அடியில் கிடந்த மிச்சத்தையும் அதன்மேல் ஊற்றினார். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பது அவருடைய கணக்கு.

சற்று நேரத்தில் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். கண்கள் சிவந்து நீர் வழிந்தது. ஏற்கெனவே இழுப்பு உள்ளவர். பெற்றோல் உள்ள ஆட்டோ ஒன்றைத் தேடிப் பிடிக்க வாப்பாவுக்கு அரை மணித்தியாலம் சென்றது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. அன்றைய நோன்பை உம்மா பிறகு கழாச் செய்தார்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. நடந்தது என்ன என்பது, பின்னர் விஞ்ஞான பாடத்தில் அமிலம், மூலம் படித்தபோதுதான் விளங்கியது. பிளீச்சில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. மலசலகூடம் கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதலாம் உலகப் போரில், 1915இல், ஈப்பர் போர்க்களத்தில் ஜேர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். தேசிக்காயும் வினாகிரியும் கூட அமிலங்களே. பிளீச்சோடு அவற்றையும் சேர்க்கக்கூடாது.

அந்தப் பெருநாளைக்கு வீட்டைச் சுத்தம் செய்தது உம்மும்மா. அவரிடம் போத்தல் எதுவும் இருக்கவில்லை. கேஸ் இல்லாததால் பின்வளவில் மூட்டிய விறகடுப்பின் சாம்பல், பொச்சுமட்டையில் உரித்த தும்பு, குசினியில் இருந்த பழப்புளி, உப்பு, தேசிக்காய், அப்பச்சோடா. இவ்வளவுதான். எந்த அழுக்குக்கு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று நான் பிறகு படித்தேன்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மூலத்தன்மையுள்ள பொருள் வேண்டும். விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. அது கொழுப்போடு சேர்ந்து ஓரளவு சவர்க்காரம் போலாகிப் பிசுக்கை இளக்கும்; சாம்பலின் துகள்கள் கரியைச் சுரண்டும். சலித்தெடுத்த சாம்பலை ஈரத் தும்பில் தொட்டுத் தேய்த்தால் அடிப்பிடித்த இரும்புச் சட்டியும் வழிக்கு வரும். கை எரியும், ஆகவே அதிக நேரம் வேண்டாம். அப்பச்சோடா இதைவிட மென்மையானது. கேஸ் அடுப்பின் மேல் தண்ணீரில் குழைத்துப் பூசி, கால் மணித்தியாலம் விட்டுத் துடைக்கலாம். ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் சோடாவைக் கொதிக்க வைக்காதீர்கள், கறுத்துவிடும்.

உப்புக்கறைக்கும் பித்தளைக்கும் அமிலம் வேண்டும். எங்களூர் புத்தளம். சுண்ணக்கல் நிலம் என்பதால் கிணற்றுத் தண்ணீர் வன்மையானது. கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் படிவது கல்சியம் காபனேற்று. கேத்தலில் பாதி தண்ணீர் விட்டு, இரண்டு தேசிக்காய்களின் சாற்றைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஒரு மணித்தியாலம் விட்டுக் கழுவினால் படிவு கரைந்து வரும். தடிப்பாக இருந்தால் இன்னொரு முறை செய்ய வேண்டும். உம்மும்மாவின் பித்தளை வட்டாவும் படிக்கமும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் பொன்னாகின. புளியில் உள்ள தாத்தாரிக் அமிலம் பித்தளையின் மேலுள்ள கறுப்பைக் கரைக்கிறது. தேய்த்தவுடன் நன்றாக அலசித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சை பிடிக்கும். சுண்ணக்கல்லைக் கரைக்கும் அமிலம் மாபிளையும் அரிக்கும், சீமெந்துத் தரையையும் அரிக்கும். அங்கே தேசிக்காய் வேண்டாம்.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். பொங்குவது காபனீரொட்சைட்டு வாயு. அமிலமும் மூலமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சோடியம் அசற்றேற்று என்ற உப்பும்தான். இரண்டு பொருளுக்கும் காசு கொடுத்துவிட்டு இரண்டின் பலனையும் இழப்பதேன்? முதலில் ஒன்றைப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, தேவையானால் மற்றதைப் போடுங்கள்.

இவற்றை வைத்துக்கொண்டு பிளீச்சே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் என்றால் மலசலகூடத்துக்கு அதுதான் வேண்டும். தேசிக்காய் கிருமியை அப்படிக் கொல்லாது. போத்தலில் எழுதியுள்ள அளவுக்குப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கலக்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். தவறிக் கலந்து நெடி கிளம்பினால், துடைக்க நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சு முட்டினால் வைத்தியரிடம் போங்கள்.

எங்கள் வீட்டில் பிளீச் போத்தல் இப்போது கிணற்றடி மேல்தட்டில் தனியாக இருக்கிறது. மற்றப் போத்தலை உம்மா வாங்குவதே இல்லை. இப்தாருக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்தால் பிழிந்த பாதிகளை எறிய விடமாட்டார். அவற்றை உப்பில் தொட்டுக் குசினிப் பைப்பைத் தேய்ப்பது என் வேலை.