ஊரில் கிடைக்காத தமிழர் உணவு தோ பாயோவில்

சிங்கப்பூருக்கு வரும் தமிழர்கள் பலர் லிட்டில் இந்தியாவில் தோசையும் வாழையிலைச் சாப்பாடும் உண்டு திரும்பிவிடுகின்றனர். தமிழகத்தில் கிடைக்காத, இங்குள்ள தமிழர் கைப்பக்குவத்தில் உருவான உணவுகளைச் சுவைக்க வீவக குடியிருப்புப் பேட்டைகளுக்குச் செல்ல வேண்டும்.

ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயில் அமைந்துள்ள தோ பாயோ லோரோங் 8ல், புளோக் 210ல் உணவங்காடி நிலையம் உள்ளது. இத்தகைய நிலையங்களில் இந்திய முஸ்லிம் கடைகளைத் தேடிச் சென்றால் இரு உணவுகளைக் கேட்கலாம்.

முதலாவது மீ கோரிங். சீனர்களின் மஞ்சள் மீயை மிளகாய், தக்காளி, முட்டையுடன் பிரட்டித் தங்கள் உணவாக்கியவர்கள் தமிழ் முஸ்லிம்கள்.

அடுத்தது இந்திய ரோஜாக். மலாயில் ‘ரோஜாக்’ என்றால் கலவை. வடை, தோஃபு, உருளைக்கிழங்கு, முட்டை என வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால், சூடாக்கி நறுக்கி, இனிப்பும் காரமும் சேர்ந்த குழம்புடன் தருவார்கள். இறால் வடையும் அதே எண்ணெயில் பொரிக்கப்படலாம் என்பதால் சைவ உணவினர் கேட்டுக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஆனால், கடைக்காரர்களின் இடைநிலை வயது ஏறக்குறைய 60. அடுத்த தலைமுறை முன்வராவிட்டால் கடையோடு கைப்பக்குவமும் போய்விடும். தோ பாயோ பக்கம் செல்வோர் ஒரு வேளையாவது அங்கு உண்ணலாம்.